கிருமி வந்த வழி

செக் நாட்டு நாட்காட்டியில் ஜூன் மாதத்தின் பெயர் செர்வென். ஜூலை, செர்வெனெட்ஸ். போலந்துக்காரர்களுக்கு ஜூன் செர்வியெட்ஸ், உக்ரைனியர்களுக்குச் செர்வென். இத்தனை பெயருக்கும் அடியில் கிடப்பது ஒரு புழு. கோடை தொடங்கும்போது செடியை வேரோடு கிளப்பி, வேரில் ஒட்டியிருந்த மிளகைவிடச் சிறிய பூச்சியைப் பிரித்தெடுத்துக் காயவைத்துச் சாயத்துக்கு விற்ற காலத்தின் மிச்சம் இந்தப் பெயர்கள். தேன்கூட்டில் புழு பெருகும் மாதம் என்று வேறு விளக்கம் சொல்வாரும் உண்டு. எப்படிச் சொன்னாலும் புழு புழுதான். அந்தப் புழுவுக்கு நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர் தமிழில் இருக்கிறார்: கிருமி.

மலேசியாவில் சிரம்பானிலிருந்து கோலப்பிலா போகும் சாலையில் இருக்கும் பாரோய்க்கும் இந்தக் கதைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இங்கே பக்கத்து வீட்டு மலாய்க்காரரின் அகராதியில் ‘கிர்மிசி’ என்று ஒரு சொல் உண்டு, அடர்சிவப்பு என்று பொருள். தமிழர் வீட்டில் அதே சொல்லின் உடன்பிறப்பு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லும்போது வருகிறது. ஒரே மூதாதை. ஒரு வீட்டுக்கு நிறமாகவும் இன்னொரு வீட்டுக்கு நோயாகவும் வந்து சேர்ந்திருக்கிறது. எந்த வழியில் வந்தனவோ அந்த வழியின் சரக்கைத்தான் இரண்டும் சுமந்து வந்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் சிலாவியக் கிளையைப் பார்த்துவிடலாம். ரஷ்யம், போலிஷ், செக், செர்பியம், பல்கேரியம் ஆகியவற்றுக்குத் தாயான ஆதி சிலாவியத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. சிரில், மெத்தோடியஸ் என்னும் கிரேக்கச் சகோதரர்கள் 863இல் மொராவியாவுக்கு மதம் பரப்பப் போனபோதுதான் அந்த மக்களின் பேச்சுக்கு எழுத்து அமைந்தது. அதற்கு முந்தைய சொல்லைக் கண்டுபிடிப்பது, பேரப்பிள்ளைகளின் மூக்கையும் முழியையும் வைத்துப் பார்க்காத பாட்டியின் முகத்தைச் சொல்கிற வேலை. அப்படிச் சொல்லப்பட்ட வடிவத்துக்கு முன்னால் மொழியியலார் ஓர் உடுக்குறி போடுவார்கள். ‘இது எழுத்தில் கிடைத்ததல்ல, நாங்கள் கட்டிப்பார்த்தது’ என்ற நாணயமான அறிவிப்பு அது. புழுவுக்கு அவர்கள் கட்டிய வடிவம் ஏறக்குறைய *சிர்வி. அதில் வரும் இகரத்தை அரை மாத்திரைக்கும் குறைவாக, வாயைத் திறந்தும் திறக்காமலும் சொல்ல வேண்டும்.

இன்னும் பின்னால் போனால் *க்வ்ர்மிஸ். வடமொழியில் இது க்ருமி, பாரசீகத்தில் கிர்ம், லித்துவேனியத்தில் கிர்மிஸ், அல்பேனியத்தில் க்ரிம்ப், பழைய ஐரிஷில் க்ருயிம் என்று வெவ்வேறு முகம் கொண்டது. ஆங்கிலத்தின் வார்ம், இலத்தீனின் வெர்மிஸ் இரண்டும் இதே குடும்பம் என்று நினைக்கத் தோன்றும். அல்ல. அவை எதுகை போட்ட வேறொரு வேரிலிருந்து வந்தவை.

கிர்மிஸ் என்பதில் உள்ள ககரம் சிலாவியத்தில் சிர்வி என்று சகரமானது எப்படி? இதற்குத் தமிழ் வாசகர் வெளியூர் போக வேண்டியதில்லை. கன்னடக்காரர் காதைக் கிவி என்பார், நாம் செவி என்கிறோம். அவர்களுக்கு நிறம் கெம்பு, நமக்குச் செம்மை. கேரளத்துக்கும் சேரனுக்கும் உள்ள உறவும் இதுதான். இகர எகரங்களுக்கு முன்னால் நிற்கும் ககரத்துக்கு, நாக்கு முன்னே இழுக்கப்பட்டுச் சகரமாகிவிடும் பழக்கம் உண்டு. தென்னிந்தியாவில் நடந்தது போலவே, அதோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், சிலாவியர் வாயிலும் நடந்தது. அதுவும் எந்தச் சொல்லில் என்று பாருங்கள். இங்கே கெம்பு செம்மையானது, அங்கே கிர்மி செர்வென்னாகி, கடைசியில் அதுவும் சிவப்பைத்தான் குறித்தது. செக் மொழியில் செர்வெனி, போலிஷில் செர்வோனி, இரண்டுக்கும் பொருள் சிவப்பு.

மகரம் வகரமானதற்கு ஆய்வாளர் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். விஞ்சு என்பதை மிஞ்சு என்றும், விழுங்கு என்பதை முழுங்கு என்றும் பேசுகிறவர்களுக்கு அது பெரிய அதிசயம் இல்லை. சுவையான விஷயம் வேறு. புழுவைக் குறிக்கும் சொல்லில் மகரம் போய்விட்டது, பழைய நிறப்பெயரில் அது தங்கிவிட்டது. திருச்சபைச் சிலாவியத்தில் எழுதப்பட்ட பைபிளில் செங்கடலின் பெயர் செர்ம்நோயே மோரே. மோசே கடந்த கடலின் பெயரில் நம்முடைய கிருமியின் மகரம் பத்திரமாக இருக்கிறது.

இனி நம் பக்கம். அதர்வ வேதத்தில் கிருமிகளை ஒழிக்கும் மந்திரங்கள் உண்டு. உதிக்கிற சூரியன் அவற்றைக் கொல்லட்டும் என்று வேண்டுகிறவை. கண்ணுக்குத் தெரிவன, தெரியாதன என்று இரண்டு வகைக் கிருமிகளையும் அவை பெயர் சொல்லி விரட்டுகின்றன. நுண்ணோக்கி வருவதற்கு ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் சொல்லப்பட்ட ‘தெரியாதன’ அது. இதை வைத்துக்கொண்டு ‘நம் முன்னோர்க்கு வைரஸ் தெரியும்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது என்பதைத்தான் அவர்கள் சொன்னார்கள், அது போதும். சரக சம்ஹிதை கிருமிகளை இருபது வகையாகப் பிரிக்கிறது. அந்த இருபதில் பேனும் உண்டு. ஆக, வடமொழியில் கிருமி என்பது புழுவுக்கும் பூச்சிக்கும் பொதுப்பெயர். அரக்குப் பூச்சியிலிருந்து வரும் செஞ்சாயத்துக்குக் கிருமிஜா, அதாவது கிருமியில் பிறந்தது, என்றும் பெயர் இருந்தது. சிலாவியர் போன வழியிலேயே வடமொழியும் ஓர் அடி வைத்திருக்கிறது.

தமிழுக்கு இந்தச் சொல் தேவைப்பட்டதா? நம்மிடம் புழு இருந்தது. கன்னடத்தில் ஹுளு, தெலுங்கில் புருகு, மலையாளத்தில் புழு என்று நாலு வீட்டிலும் இருக்கிற பழஞ்சொல் அது. சிவந்த பூச்சிக்கும் பஞ்சமில்லை. மழைக்குப் பிறகு செம்மண்ணில் ஊரும் வெல்வெட்டுப் பூச்சியை ஈயல்மூதாய் என்று சங்கப் புலவர்கள் பாடிவிட்டார்கள். செஞ்சாயத்துக்கு அரக்கு இருந்தது. எனவே கிருமி வந்தபோது நிறத்துக்கு வேலை காலியில்லை, ஊர்கிற புழுவுக்கும் வேலை காலியில்லை. காலியாக இருந்தது உடம்புக்குள்தான். முன்னே வரும் மெய்க்கூட்டைத் தமிழ் பொறுக்காது என்பதால் ஓர் இகரத்தை ஏற்றுக்கொண்டு கிருமி உள்ளே நுழைந்தது.

மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில், தாயின் வயிற்றில் உயிர் தப்பிப் பிழைக்க வேண்டிய ஆபத்துகளில் முதலாவதாகக் கிருமிகளோடு நடக்கும் போரைச் சொல்கிறார். வயிறு, கரு, போர். இந்தச் சொல் தமிழில் எங்கே குடியேறியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். வைணவ மரபு சொல்லும் இன்னொரு கதையும் உண்டு. இராமானுசரைத் துன்புறுத்தி மேலக்கோட்டைக்கு ஓடவைத்த சோழனுக்குக் கழுத்தில் புண் வந்து புழு வைத்தது என்றும், அதனால் அவனுக்குக் கிருமிகண்ட சோழன் என்று பெயர் என்றும் குருபரம்பரை நூல்கள் சொல்லும். கண்டம் என்றால் கழுத்து. தமிழ்க் காதோ அதைக் ‘கிருமியைக் கண்ட சோழன்’ என்றே கேட்கும். எந்தச் சோழன் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குச் சண்டை ஓயவில்லை.

சித்த மருந்துக் கடையில் கிடைக்கும் வாய்விடங்கத்துக்கு வடமொழியில் கிருமிக்னம், கிருமியைக் கொல்வது, என்று ஒரு பெயர். அதை வாங்கிப்போகிற ஆத்தாவோ கிருமி என்று சொல்லமாட்டார். ‘புள்ளைக்கு வயித்துல பூச்சி’ என்பார். பல் சொத்தையானாலும் பூச்சிதான். சிலாவியர் பூச்சியைப் புழு என்று அழைத்து மாதத்துக்குப் பெயர் வைத்தார்கள், நம்மவர்கள் புழுவைப் பூச்சி என்று அழைத்து விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். சின்ன உயிர்களைப் பிரித்துப் பார்ப்பது விலங்கியல் வகுப்புக்கு உரியது, பேச்சுக்கு அந்தக் கவலை கிடையாது.

நிறத்தின் பயணம் பாரசீகத்திலிருந்து கிளம்புகிறது. அங்கே புழு, கிர்ம். ஷாநாமாவில் ஹஃப்தவாத் என்பவனின் மகள் ஓர் ஆப்பிளுக்குள் புழுவைக் கண்டெடுத்து நூற்புப் பெட்டியில் வைக்கிறாள். நூல் பெருகுகிறது, செல்வம் பெருகுகிறது, புழுவும் யானை அளவு பெருக்கிறது. கடைசியில் அர்தஷீர் அதன் வாயில் உருக்கிய உலோகத்தை ஊற்றிக் கொல்கிறார். கிர்மான் நகருக்கு அந்தப் புழுவாலேயே பெயர் வந்தது என்பது கதை. நம் ஊர்த் தலபுராணங்களைப் படித்தவர்களுக்கு இந்த வகைப் பெயர்க்காரணத்தை எவ்வளவு நம்புவது என்று தெரியும். ஆனால் புழு காசு கொண்டுவரும் என்ற நினைப்பு மட்டும் கதையல்ல. அராரத் மலையடிவாரத்துப் புல்வேரில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து ஆர்மேனியர் செஞ்சாயம் எடுத்தார்கள். அவர்கள் மொழியில் சிவப்பு, கர்மிர். ஈரானிய வீட்டிலிருந்து கடன் வாங்கிய அதே கிர்ம். மத்தியதரைக் கடலோரத்தில் ஒருவகைக் கருவாலி மரத்தில் மணிமணியாக ஒட்டியிருக்கும் பூச்சியை அரபு வணிகர் கிர்மிஸ் என்றார்கள். அந்தப் பெயர் ஸ்பெயினுக்குப் போய்க் கார்மெசி ஆயிற்று, இத்தாலியில் கிரெமிசி, ஆங்கிலத்தில் கிரிம்சன். கார்மைன் என்பதும் இதே பிள்ளை. துருக்கியில் இன்றைக்கும் சிவப்புக்குச் சாதாரணப் பேச்சுச் சொல் கிர்மிஸி. அரபுச் சொற்களை மூட்டைமூட்டையாக வாங்கிக்கொண்ட மலாய், இதையும் வாங்கிக் கிர்மிசி என்று வைத்துக்கொண்டது.

ஐரோப்பாவின் வடக்கில் போலந்துப் பூச்சி ஆண்டது. ஜூன் 24ஆம் தேதி வரும் புனித யோவான் திருநாளை ஒட்டி, மணற்பாங்கான நிலத்துச் சிறு செடிகளை வேரோடு பிடுங்கி, பூச்சியை எடுத்துவிட்டுச் செடியைத் திரும்ப நடுவார்கள். ஒரு செடியில் சில பூச்சிகளே தேறும், ஒரு துணிக்குச் சாயமேற்ற எத்தனை செடி பிடுங்க வேண்டியிருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் போலந்துக்கு இது நல்ல ஏற்றுமதி. 1521இல் ஸ்பானியர் மெக்சிகோவைப் பிடித்த பிறகு கதை மாறியது. அங்கே சப்பாத்திக்கள்ளியில் வளர்த்த காச்சினீல் பூச்சி, வேரைக் கிளறாமலே ஏராளமாகக் கிடைத்தது. போலந்துப் பூச்சியின் வியாபாரம் படுத்துவிட்டது. நாட்காட்டியில் மட்டும் அது தவறாமல் ஆண்டுக்கொருமுறை தலைகாட்டுகிறது.

அந்த மெக்சிகோச் சிவப்புக்கு ஆசைப்பட்டுச் சென்னையும் ஒரு கை பார்த்தது. கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786இல் மதராஸில் கண்ட ஒரு பூச்சியைச் சாயப்பூச்சி என்று நம்பி, லண்டனில் இருந்த சர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதமேல் கடிதம் எழுதினார். சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமும் போட்டார்கள். 1795இல் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கேப்டன் நீல்சன் என்பவர் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது உயர்ந்த சாதிப் பூச்சி அல்ல, சாயம் குறைந்த காட்டுச் சாதி. வியாபாரம் கைகூடவில்லை. ஆனால் அந்தக் காட்டுப்பூச்சி கள்ளியைத் தின்று தீர்ப்பதைப் பார்த்து, 1830களில் தென்னிந்தியாவில் மண்டிக்கிடந்த கள்ளிக்காட்டை அழிக்க அதையே கொண்டுவந்து விட்டார்கள். ஒரு பூச்சியை வைத்து ஒரு களையை அழித்த முதல் முயற்சிகளில் ஒன்றாக உலகம் முழுக்க இதைச் சொல்கிறார்கள். உருது பேசுவோர் காச்சினீலைக் கிர்ம்தானா, புழுமணி, என்று அழைப்பார்கள். சைதாப்பேட்டை வரை வந்தும் கிருமி தமிழில் நிறமாகவில்லை. சாயம் வெற்றி பெற்றிருந்தால் நம் பட்டுப்புடவைக்கடையில் ‘கிருமிக் கலர்’ கேட்டிருப்போமோ என்னவோ.

நிறம் இப்படி வியாபாரிகளோடு மலாய்க்கு வந்தது. நோய் கூலிக்காரர்களோடு வந்தது. நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சஞ்சி ஒப்பந்தத்தில் வந்த தமிழர்களின் காலில் செருப்பு இல்லை. லயத்துக்குப் பின்னால் கழிவு கிடக்கும் ஈரமண்ணில் கொக்கிப்புழுவின் குஞ்சு காத்திருக்கும். அது வாய்வழியாகத்தான் வயிற்றுக்குப் போகிறது என்றே முன்பு நினைத்திருந்தார்கள். கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர், சோதனைக்கு வைத்திருந்த புழுநீர் தன் கையில் சிந்தி அந்த இடம் அரித்துச் சிவந்தபோது சந்தேகப்பட்டார். பின்பு தன் மலத்திலேயே முட்டையைக் கண்டு, அது தோலைத் துளைத்து நுழைவதை 1898இல் உலகுக்குச் சொன்னார். உள்ளே போன புழு குடலைக் கவ்வி இரத்தம் குடிக்கும். ஆள் வெளிறிப்போவான், நடந்தால் மூச்சு வாங்கும், காலையில் நிரை முடிக்க முடியாது. பார்க்கிறவருக்குச் சோம்பேறி. கங்காணியின் பிரம்புக்குச் சோகைக்கும் சோம்பலுக்கும் வித்தியாசம் தெரியாது.

1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கீழை நாடுகளுக்கு ஒரு கொக்கிப்புழு ஆய்வுக்குழுவை அனுப்பியது. தலைவர் சாமுவேல் டார்லிங், பனாமா கால்வாய் வெட்டுக் காலத்தில் அங்கே நோயியல் பார்த்தவர். மலாயா, ஜாவா, ஃபிஜி மூன்றிலும் அக்குழு கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தது, அறிக்கை 1920இல் வெளிவந்தது. இந்தக் குழு செய்த முக்கியமான வேலை, மருந்து கொடுத்து வெளியே வந்த புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணியது. ஒருவருக்குப் புழு இருக்கிறதா இல்லையா என்பதோடு விடாமல், எத்தனை இருக்கிறது என்று கேட்டார்கள். சிலதோடு ஆள் நடமாடுவான், சில நூறோடு படுத்துவிடுவான் என்பது அப்படித்தான் பிடிபட்டது. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் வரிசையில் நிறுத்திக் கொடுத்த மருந்தை நம்மவர்கள் பூச்சி மருந்து என்றுதான் சொன்னார்கள். கிருமி என்ற சொல் மருந்தோடு அல்ல, சுவரொட்டியோடும் பாடப்புத்தகத்தோடும் பிறகு வந்தது.

அதற்குள் கிருமியின் பொருளும் இடம் மாறிவிட்டது. பாஸ்டரும் கோக்கும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நோய்க்குக் காரணமான நுண்ணுயிர்களைக் காட்டியபோது, தமிழில் எழுதினவர்களுக்குக் கையில் தயாராக இருந்த சொல் இது. புழு ஊர்ந்தது, பூச்சி பறந்தது, இது இரண்டுமல்லாமல் உள்ளேயே கிடந்தது. மலாய்க்காரரும் இதையேதான் செய்தார்கள். கூமான் என்பது அவர்களுக்கு மிகச் சிறிய பூச்சி. கடலுக்கு அக்கரையில் இருக்கும் கூமான் தெரிகிறதாம், கண்ணெதிரே நிற்கும் யானை தெரியவில்லையாம் என்பது அவர்கள் பழமொழி. இன்று மலாயில் கூமான் என்றால் நோய்க்கிருமி. நுண்ணுயிரி, நச்சுயிரி, தீநுண்மி என்று நல்ல தமிழில் புதுச்சொற்கள் பின்னாளில் வந்தன. அவற்றுக்கு என் ஆதரவு உண்டு. ஆனால் கொரோனா காலத்தில் சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்தியில் ஒலித்தது ‘கிருமித்தொற்று’தான். கிருமி என்று சொன்னால் பாட்டிக்கும் பயம் வருகிறது, நச்சுயிரி என்றால் விளக்கம் கேட்கிறார்.

பாரோய்க்காரர்களுக்கு அந்தப் பயம் கொரோனாவுக்கு முன்பே பழக்கம். 1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. கொஞ்ச மாதத்தில் அது நம் அண்டையில் இருக்கும் சிக்காமாட்டுக்கு வந்தது, பிறகு போர்ட் டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலாண்டோக்கில் பெரிதாக வெடித்தது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று அதிகாரிகள் முடிவு கட்டினார்கள். ஊர் ஊராகப் புகை அடித்தார்கள், பன்றிக்கும் ஆளுக்கும் தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. பூச்சியின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் 1999 மார்ச்சில் ஒரு நோயாளியின் மாதிரியிலிருந்து வேறொரு வைரஸைப் பிரித்தெடுத்தார். அதை அமெரிக்காவுக்கே எடுத்துக்கொண்டு போய் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, கொசு பரப்பும் சாதியே அல்ல என்று தெரிந்தது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கு வந்து, பன்றியிடமிருந்து மனிதருக்கு வந்திருக்கிறது. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். பெலாண்டோக் பண்ணைகள் அத்தோடு முடிந்தன.

அந்த நோயாளியின் கிராமம் சுங்கை நிப்பா. வைரஸுக்கு நிப்பா என்றே பெயர் வைத்தார்கள். 2018 மே மாதம் கோழிக்கோட்டில் அது தலைகாட்டிப் பதினேழு பேர் இறந்தபோது, நெகிரி செம்பிலானைக் கேள்விப்பட்டிராத கேரளத்துக் குடும்பங்கள் அந்தப் பெயரைச் சொல்லி அழுதன. நோய்களுக்கு ஊர்ப்பெயர் வைக்காதீர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் கேட்டுக்கொண்டது, ஆனால் ஏற்கெனவே வைத்த பெயர்கள் அப்படியே நின்றுவிட்டன. நிப்பா என்பது கழிமுகச் சேற்றில் வளரும் ஒருவகைப் பனை. அதன் ஓலையில் முடைந்த அத்தாப்பைத்தான் பழைய லயங்களுக்குக் கூரையாகப் போட்டிருந்தார்கள். இப்போது தமிழில் எழுதும்போது ‘நிப்பா கிருமி’ என்று எழுதுகிறார்கள்.